யாரை நோக்கிய மறுப்பு? திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் மக்கள் தொடர்பு முடிவுகளும் பயன்பாட்டுவாத அறமும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றனர் என 2023 மார்ச் முதல் வாரத்தில் பரவிய பொய்ச்செய்தி திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை உலுக்கியது. அச்செய்தியை வெளியிட்ட முடிவு, அதனை மறுத்த முடிவு, அதன்பின் மேற்கொள்ளப்பட்ட தண்டனை நடவடிக்கை ஆகியவற்றை இக்கட்டுரை பயன்பாட்டுவாத அறத்தின் அளவுகோலால் மதிப்பிடுகிறது. நன்மை தீமைகளின் கூட்டுத்தொகையில் யார் எண்ணப்பட்டனர் என்பதை, ஓர் அறிக்கை யாரை நோக்கிப் பேசுகிறது என்பதைக் கொண்டு அறியலாம் என்பது இதன் மையவாதம். சுமங்கலித் திட்டம், நொய்யல் மாசு ஆகிய முந்தைய விவகாரங்கள் இவ்வாதத்திற்கு ஒப்பீடாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பயன்பாட்டுவாதம், மக்கள் தொடர்பு, ஊடக அறம், திருப்பூர், புலம்பெயர் தொழிலாளர், வாய்மை

முன்னுரை

2023 மார்ச் 1 அன்று தமிழ்நாடு முதலமைச்சர் மு.க. ஸ்டாலினின் எழுபதாவது பிறந்தநாள் கூட்டம் சென்னையில் நடைபெற்றது. பீகார் துணை முதலமைச்சர் தேஜஸ்வி யாதவ் அதில் பங்கேற்றார். அதே நாள்களில், இந்தி பேசியதற்காகப் பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்லப்படுகின்றனர் என்னும் செய்தி சில காணொளிகளுடன் வட மாநிலங்களில் பரவியது. பீகார்ச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சியினர் இதனை எழுப்பினர். செய்தித்தாள்கள் வழியாகத் தாக்குதல்களை அறிந்ததாகவும், அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியுள்ளதாகவும் முதலமைச்சர் நிதிஷ் குமார் மார்ச் 2 அன்று பதிவிட்டார். ஹோலிப் பண்டிகைக்கு ஆறு நாள்களே இருந்தன.

இச்செய்தியின் மையத்தில் இருந்த ஊர்களுள் முதன்மையானது திருப்பூர். 2022–23 நிதியாண்டில் ஏறத்தாழ 34 ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் அது; நாட்டின் மொத்தப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு அதனுடையது. டெய்லர், செக்கிங், அயர்னிங் என எந்தப் பிரிவை எடுத்தாலும் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களின் தொழிலாளர்கள் இன்றி அங்கே ஷிப்மென்ட் நகராது. பெரிய ஏற்றுமதி நிறுவனங்களில் மட்டுமன்றி, பத்துப் பதினைந்து தையல் இயந்திரங்களோடு ஜாப் ஒர்க் எடுத்து நடத்தும் பவர்டேபிள்களிலும் இதுவே நிலை. ஆகவே இப்பொய்ச்செய்தி திருப்பூருக்கு ஒரே நேரத்தில் உயிர்ப் பாதுகாப்புச் சிக்கலாகவும் தொழில் சிக்கலாகவும் வந்து சேர்ந்தது. இவ்விரண்டில் எது எதற்காகப் பேசப்பட்டது என்பதே அறநோக்கில் கவனத்திற்குரியது.

அளவுகோல்

ஒரு செயலின் நன்மை தீமை அதன் விளைவால் அமையும் என்பதும், அவ்விளைவு தொடர்புடைய அனைவரின் இன்ப துன்பங்களையும் கூட்டிக் கழித்து அறியப்படும் என்பதும் பயன்பாட்டுவாதத்தின் அடிப்படை. ஜெரமி பெந்தாம் 1789இல் வெளியிட்ட நூலில் இக்கணக்கின் கூறுகளை விரித்துரைத்தார். ஜான் ஸ்டூவர்ட் மில் அதனைத் திருத்தி வளர்த்தார். மில் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் பணியாற்றியவர் என்பது இங்கே வெறும் வாழ்க்கைக் குறிப்பன்று. தொலைவில் இருந்துகொண்டு, தாம் காணாத மக்களின் நலனைக் காகிதத்தில் கணக்கிட்ட நிருவாக மரபோடு இக்கோட்பாட்டிற்கு நெருங்கிய உறவு உண்டு. அறிந்தோர் சிலர் கணக்கிட, அறியாதோர் பலர் அதன் முடிவை மட்டும் பெற்றுக்கொள்ளும் இந்நிலையைப் பிற்காலத்துப் பெர்னார்ட் வில்லியம்ஸ் ‘ஆளுநர் மாளிகைப் பயன்பாட்டுவாதம்’ என எள்ளினார். மக்கள் தொடர்புத் துறையின் அன்றாடப் பணியை இதைவிடச் சுருக்கமாக விளக்கும் தொடர் கிடைப்பது அரிது.

மக்கள் தொடர்புப் பாடநூல்களில் பயன்பாட்டுவாதம் பெரும்பாலும் ‘பெரும்பான்மையினரின் பெருநன்மை’ என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகிறது. இதனால் மில் வற்புறுத்திய இரண்டு செய்திகள் விடுபடுகின்றன. ஒன்று, கணக்கில் ஒவ்வொருவரும் ஒருவராக மட்டுமே எண்ணப்படுவர். எவரும் ஒருவருக்கு மேலாக எண்ணப்படார். பெந்தாமின் கட்டளையாகவே மில் இதனை எடுத்துரைக்கிறார். மற்றொன்று பொய் பற்றியது. அந்த நேரத்துச் சங்கடத்திலிருந்து தப்பச் சொல்லும் பொய், மனிதரின் கூற்றை மனிதர் நம்பலாம் என்னும் பொதுச்சொத்தைக் கரைக்கிறது; அச்சொத்தே சமூக நலனின் பெரும் தாங்கு என்பது மில்லின் கருத்து. விதிவிலக்குகளை அவர் ஏற்கிறார். ஆனால் அவற்றின் எல்லை வரையறுக்கப்பட வேண்டும் என்கிறார்.

தமிழ் மரபில் இவ்விவாதம் புதிதன்று. திருக்குறளின் ‘வாய்மை’ அதிகாரத்து முதல் இரு குறட்பாக்களும் வாய்மையை விளைவோடு பிணைக்கின்றன. தீங்கு தராத சொல் வாய்மை. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும். நிகழ்ந்ததைக் கூறுதல் என்ற அளவில் வாய்மைக்கு இலக்கணம் வகுப்பதைப் பரிமேலழகர் விலக்குகிறார். தீங்கு பயக்குமாயின் நிகழ்ந்தது கூறலும் பொய்ம்மையாகும் என்பது அவர் கொள்ளும் பொருள். வள்ளுவரைப் பயன்பாட்டுவாதி எனக் காட்ட இக்குறட்பாக்களை மேற்கோள் காட்டுவோர் உளர். ஆனால் நன்மைக்கு இடப்பட்ட ‘குற்றமற்ற’ என்னும் அடை அவ்வளவு எளிதாகக் கடந்து செல்லத்தக்கதன்று. கூட்டுத்தொகையில் நன்மை மிகுவது மட்டும் அங்கே போதாது. அந்நன்மை எவர்மீதும் கறையை ஏற்றாததாகவும் இருத்தல் வேண்டும். அடுத்த குறளோ, தன் நெஞ்சு அறிந்த ஒன்றில் பொய் சொன்னவனை அந்நெஞ்சே சுடும் என்று கணக்கிற்கு வெளியே ஒரு சாட்சியை நிறுத்துகிறது. இவ்விரு வரம்புகளும் பின்வரும் ஆய்வுக்குத் துணை செய்கின்றன.

வெளியிட்ட முடிவு

பொய்ச்செய்தியை வெளியிட்டோருக்கும் பயன்பாட்டுவாதத்தின் பெயரால் ஒரு தற்காப்பு உண்டு. செய்தி உண்மையாக இருந்து வெளியிடாமல் விட்டால் உயிர்கள் போகும். பொய்யாக இருந்து வெளியிட்டால் சில நாள் பதற்றத்தோடு முடியும். ஆகவே வெளியிடுவதே நலம் என்பது அது. முன்னெச்சரிக்கை போலத் தோன்றும் இவ்வாதம் ஒரு செலவைக் கணக்கில் எழுதாமல் விடுகிறது. சரிபார்ப்பதற்கான செலவே அது. பீகாரின் செய்தி அறையிலிருந்து திருப்பூர் மாவட்டக் காவல்துறைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவே. அத்துணைச் சிறிய செலவில் ஐயம் தீரும் வாய்ப்பு இருக்கையில் ஐயத்தையே செய்தியாக்குவதை எந்தக் கணக்கும் ஏற்காது.

பரவிய காணொளிகளின் தன்மை இதனை உறுதிப்படுத்துகிறது. அவற்றுள் இரண்டைக் குறித்து அன்றைய காவல்துறைத் தலைமை இயக்குநர் செ. சைலேந்திர பாபு உடனே விளக்கினார். ஒன்று, திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களின் இரு குழுக்களிடையே நடந்த மோதல். மற்றொன்று, கோயம்புத்தூரில் உள்ளூரார் இருவரிடையே நடந்த மோதல். வேறொரு காணொளி பாட்னாவில் வாடகை வீடொன்றில் நடித்துப் படமாக்கப்பட்டது எனப் பீகார்க் காவல்துறையே பின்னர்க் கண்டறிந்தது. தைனிக் பாஸ்கர் நாளிதழின் ஆசிரியர்மீது திருப்பூர் வடக்குக் காவல் நிலையத்திலும், ‘தன்வீர் போஸ்ட்’ என்னும் இணையச் செய்தித்தளத்தின் பொறுப்பாளர்மீது திருப்பூர் இணையக் குற்றப்பிரிவிலும் வழக்குகள் பதிவாயின.

எனினும் வெளியிட்ட முடிவை வட மாநில ஊடகங்களின் குறையாக மட்டும் காண்பது பாதிக் கணக்கு. அதே ஆண்டு ஜனவரியில், வட மாநிலத் தொழிலாளர்கள் உள்ளூர் இளைஞர்களைத் துரத்தும் திருப்பூர்க் காணொளியொன்று தமிழ்ச் சமூக ஊடகங்களில் பரவியது. சிறு தகராறு ஒன்றில் தொடங்கி ஜனவரி 14 அன்று நடந்த நிகழ்வு அது எனக் காவல்துறை விளக்கியது. இருவர் கைது செய்யப்பட்டனர். விளக்கம் வருமுன்பே ‘வடக்கர் தமிழரை விரட்டுகின்றனர்’ என்னும் தலைப்போடு அது பல்லாயிரம் கைப்பேசிகளைச் சென்றடைந்துவிட்டது. அதனைப் பகிர்ந்தோரும் எச்சரிக்கை செய்வதாகவே எண்ணினர். திசை மாறியது; செயல்முறை மாறவில்லை. மார்ச்சு மாதப் பொய்க்குத் தமிழ்நாட்டில் எழுந்த சினம் ஜனவரிப் பகிர்வுகள்மீது எழவில்லை என்பது, ‘ஒருவர் ஒருவராக’ என்னும் விதி நடைமுறையில் எவ்வளவு விரைவில் தளர்கிறது என்பதற்குச் சான்று.

மறுத்த முடிவு

அரசும் காவல்துறையும் தொழில்துறையும் மேற்கொண்ட மறுப்பு நடவடிக்கை, விளைவின் அடிப்படையில் நோக்கினால், தமிழ்நாட்டின் அண்மைக்கால மக்கள் தொடர்பு முயற்சிகளுள் குறிப்பிடத்தக்க வெற்றி. அது ஏன் வென்றது என்பதில்தான் கருத்து வேறுபாட்டிற்கு இடமுண்டு.

மறுப்பைக் கேட்கும் நிலையில் இருந்தவரிடமிருந்து தொடங்குவது தகும். பீகாரில் ஒரு கிராமத்தில் தாய் ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவளது கைப்பேசிக்கு இரத்தக் காட்சி ஒன்று வருகிறது. சற்று நேரத்தில் அது பொய் என்ற அறிக்கையும் வருகிறது. அறிக்கையை நம்பி மகனை அங்கேயே இருக்கச் சொல்லி, செய்தி உண்மையாகிவிட்டால் அவள் இழப்பது மகனை. காணொளியை நம்பி மகனை அழைத்துக்கொண்டு, அது பொய்யாகிவிட்டால் இழப்பது சில வாரக் கூலியும் பயணச் செலவும். காணொளி உண்மையாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என அவளே கருதினாலும், கணக்கு மகனை அழைப்பதன் பக்கமே சாயும். ‘வதந்திக்கு அஞ்சி ஓடும் அறியாமை’ எனச் சில விவாதங்களில் இகழப்பட்ட செயல் உண்மையில் குறையற்ற பயன்பாட்டுக் கணக்கு. கணக்கிடும் உரிமை நிருவாகிக்கு மட்டும் உரியதன்று. அறிக்கையைப் பெறுபவளும் கணக்கிடுகிறாள்.

இதனை ஏற்றால் மறுப்பின் பணி மாறிவிடுகிறது. ‘தமிழ்நாடு அமைதிப் பூங்கா’, ‘விருந்தினரைப் போற்றும் மண்’ என்னும் பொதுக்கூற்றுகள் அவளது கணக்கில் எந்த எண்ணையும் மாற்றுவதில்லை. அவை உண்மையாயினும், அவளால் சோதிக்க இயலாதவை. எண்ணை மாற்றியவை வேறு. இந்தக் காணொளி, இந்த ஊர், மோதியோர் இன்னார் என்ற குறிப்பான விளக்கம் மாற்றியது. தொழிற்சாலைகளுக்கும் விடுதிகளுக்கும் காவல் அதிகாரிகள் நேரில் சென்று இந்தியில் பேசியதும், திருப்பூரில் உதவி எண்கள் அறிவிக்கப்பட்டதும் மாற்றின. எல்லாவற்றிற்கும் மேலாக, பீகார் அரசின் ஊரக வளர்ச்சித் துறைச் செயலாளர் பாலமுருகன் தலைமையில் நால்வர் குழு வந்து, திருப்பூர் உள்ளிட்ட ஊர்களில் தொழிலாளர்களைச் சந்தித்துத் திரும்பியது மாற்றியது. அக்குழுவின் வருகையைத் தமிழ்நாட்டின்மீதான ஐயமாகக் கொண்டு வருந்தியோர் இருந்தனர். அக்குழு இன்றித் தமிழ்நாட்டின் மறுப்பு பாதி வலுவையும் பெற்றிருக்காது. தன் கூற்றைத் தன்னைச் சாராத ஒருவரின் சோதனைக்குத் திறந்துவைப்பதே மறுப்பை மறுப்பாக்குகிறது.

இங்கே தொழில்துறையின் குரலைத் தனியே பிரித்துப் பார்த்தல் வேண்டும். 1990இல் தொடங்கப்பட்ட திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் வெளிநாட்டு பையர்களிடம் பேசுவதில் முப்பதாண்டுப் பயிற்சி உடையது. தணிக்கை அறிக்கை, நடத்தை நெறி, சான்றிதழ், கண்காட்சி என அதன் தொடர்புக் கருவிகள் யாவும் வெளிநோக்கி அமைந்தவை. பேசும் மொழி ஆங்கிலம். 2023 மார்ச்சில் பேச வேண்டியிருந்தது நேர் எதிர்த் திசையில். தன் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவனிடமும் அவன் வீட்டாரிடமும் பேச வேண்டியிருந்தது. அதற்குரிய வழி தொழிலிடம் இல்லை. தொழிலாளியை அழைத்து வந்த ஏஜென்ட்டு, விடுதிக் காப்பாளர், லைன் சூப்பர்வைசர் என்போரைத் தாண்டி அவனோடு நேரடித் தொடர்பு பல நிறுவனங்களில் கிடையாது. ஆகவே நம்பத்தக்க குரல் ஒன்றை அரசிடமும், இறுதியில் பீகாரிடமும் தொழில் கடன் வாங்க நேர்ந்தது.

ஹோலி குறித்த விளக்கம் இதன் நுண்ணிய எடுத்துக்காட்டு. இரயில் நிலையங்களில் கூட்டம் மிகுந்தபோது, தொழிலாளர்கள் பண்டிகைக்காக ஊர் செல்கின்றனர், அச்சத்தால் அன்று எனச் சொல்லப்பட்டது. மார்ச் 8 ஹோலி; ஆண்டுதோறும் அவர்கள் செல்வது வழக்கம். கூற்று பொய்யன்று. ஆனால் பண்டிகைக்காகப் பயணச்சீட்டு எடுத்திருந்தவன் அச்சத்தோடும் பயணம் செய்யலாம். திரும்புவதா வேண்டாமா என்பதை ஊரில் சென்று முடிவு செய்யலாம் என எண்ணியும் செல்லலாம். ‘அச்சத்தால் அன்று’ என்னும் இரண்டாம் பாதி அவனைக் கேட்டுச் சொல்லப்பட்டதன்று. அவன் சார்பில் சொல்லப்பட்டது. ஆர்டர் தருவோர் கலங்காதிருக்க அது தேவைப்பட்டது. அவ்விளக்கத்தால் நன்மை விளைந்திருக்கலாம். ஆயினும் பரிமேலழகர் வகுத்த பாகுபாட்டில் அது எங்கே அமையும் என்பது எளிதில் விடை காணக்கூடிய வினாவன்று. நிகழ்ந்ததைக் கூறுதலில் ஒரு பாதி. நிகழ்ந்ததா என அறியாததைக் கூறுதலில் மறுபாதி.

முந்தைய மறுப்புகள்

தொழிலின் குரல் வெளிநோக்கியே பழகியதற்குக் காரணம் உண்டு. முந்தைய நெருக்கடிகள் யாவும் அங்கிருந்தே வந்தன.

சோமோ என்னும் டச்சு ஆய்வு நிறுவனமும் இந்தியக் குழு என்னும் நெதர்லாந்து அமைப்பும் 2011 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, சுமங்கலித் திட்டத்தை ஐரோப்பிய, அமெரிக்க வணிகப் பெயர்களோடு இணைத்துப் பேசியது. ‘சுமங்கலி’, ‘திருமகள் திருமணத் திட்டம்’, ‘கேம்ப் கூலி’ எனப் பல பெயர்களில் வழங்கிய ஏற்பாடு அது. வறிய குடும்பத்து இளம்பெண்கள் மூன்றாண்டுக் காலம் நூற்பாலை விடுதியில் தங்கிப் பணிபுரிவர். ஒப்பந்த முடிவில் மொத்தத் தொகை ஒன்று வழங்கப்படும். தொழில் அமைப்புகள் இத்தகைய அறிக்கைகளை மிகைப்படுத்தல் எனவும், சில ஆலைகளின் குறையை முழுத் தொழில்மீது சுமத்துதல் எனவும் மறுத்தன.

அம்மறுப்புக்குப் பின்னால் தெளிவான பயன்பாட்டுக் கணக்கு இருந்தது. பெண்ணுக்கு உணவும் உறைவிடமும் வேலையும். பெற்றோருக்குத் திருமணச் செலவின் சுமைக் குறைவு. ஆலைக்கு நிலையான தொழிலாளர். நாட்டுக்கு அந்நியச் செலாவணி. எல்லாப் பக்கமும் வரவு. வரதட்சிணை 1961இலேயே சட்டத்தால் தடை செய்யப்பட்டது என்பது இவ்வரவுக் கணக்கில் எழுதப்படவில்லை. அதனினும் முதன்மையானது செலவுப் பத்தி ஏன் காலியாக இருந்தது என்பது. வெளியே செல்லக் கட்டுப்பாடு, கைப்பேசிக்குக் கட்டுப்பாடு, இடையில் விலகினால் தொகை கிடைக்காது என்னும் அச்சம் ஆகியவை நிலவும் விடுதியிலிருந்து குறை எழுந்து வெளியே கேட்பது அரிது. குறை பதிவாகவில்லை என்பதால் குறை இல்லை எனக் கொள்ளப்பட்டது. பெந்தாமின் கணக்கை ஏற்போரும் இதை ஏற்க இயலாது. ஒருத்தியை ஒருத்தியாக எண்ணுவதற்கு முன் அவள் சொல் எட்டியிருக்க வேண்டும்.

குற்றம் சுமத்தும் பக்கமும் இக்கணக்கிலிருந்து தப்புவதில்லை. அறிக்கை வெளிவந்து பையர் ஆர்டரை நிறுத்தினால் முதலில் வேலை இழப்பவள் எந்தப் பெண்ணுக்காக அறிக்கை எழுதப்பட்டதோ அவளே. தன்னார்வ அமைப்புகள் பல இதனை உணர்ந்து, உறவை முறித்து வெளியேறாமல் இருந்து சீர்திருத்துமாறு வணிகப் பெயர்களை வேண்டின. விளைவைப் பற்றிய அக்கறை அவர்களிடம் இருந்தது. அவ்வறிக்கைகளும் ஆங்கிலத்தில் வெளிநாட்டு நுகர்வோரை நோக்கியே முதன்மையாக எழுதப்பட்டன என்பதையும் சொல்லாமல் விடுவது நடுநிலை ஆகாது.

நொய்யல் விவகாரத்தில் ‘பெரும்பான்மையினரின் பெருநன்மை’ ஒளிவுமறைவின்றியே முன்வைக்கப்பட்டது. ஒரு பக்கம் சாயப்பட்டறைகளைச் சார்ந்த இலட்சக்கணக்கானோர். மறுபக்கம் ஒரத்துப்பாளையம் அணையின் கீழ் நிலம் கெட்ட உழவர்கள். தலைகளை எண்ணினால் விடை எளிது. சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாறு எண்ண மறுத்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்களின் சட்டப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, கழிவுநீர் வெளியேற்றம் குறித்த முந்தைய ஆணைகள் நிறைவேற்றப்படாத நிலையில், திருப்பூரின் சாய, சலவை ஆலைகள் அனைத்தையும் மூடுமாறு 2011 ஜனவரி 28 அன்று ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் முடங்கின. பூஜ்யக் கழிவுநீர் வெளியேற்ற முறையை நோக்கித் தொழிலைத் தள்ளியது இந்நெருக்கடியே. இன்று அதே பூஜ்ய வெளியேற்றம் திருப்பூரின் பெருமையாகப் பையர்முன் வைக்கப்படுகிறது. அப்பெருமை பொருந்தாதது அன்று. நீரைச் சுத்திகரித்து மீளப் பயன்படுத்தும் அளவில் அவ்வூர் உண்மையாகவே முன்னே நிற்கிறது. ஆனால் அந்த விளம்பர வாசகங்களில் ஆயக்கட்டு உழவர் இடம்பெறுவதில்லை. தம் குறுகிய கணக்கைத் திருத்தியவர்கள் தம்முள் ஒருவராக இன்னும் எண்ணப்படவில்லை.

தண்டனையும் எச்சரிக்கையும்

மறுப்பைத் தொடர்ந்த சட்ட நடவடிக்கைகளும் மக்கள் தொடர்பின் பகுதியாகவே அமைந்தன. கைதுச் செய்திகள் மறுப்பின் குரலை உயர்த்தின. யூடியூபர் மனீஷ் காஷ்யப் மார்ச் 18 அன்று பீகாரில் சரணடைந்தார்; பின்னர்த் தமிழ்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டு, தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார். ஏப்ரலில் இவ்வழக்கு வந்தபோது, இவருக்கு எதற்கு இச்சட்டம் என உச்ச நீதிமன்றம் வினவியது. மே மாதம் அதே நீதிமன்றம் அவருக்கு நிவாரணம் வழங்க மறுத்து, உயர் நீதிமன்றத்தை நாடுமாறு விட்டது. 2023 நவம்பரில் மதுரைக் கிளை அத்தடுப்புக் காவலை இரத்துச் செய்தது.

பலரின் அமைதிக்காகக் குற்றமற்ற ஒருவரைத் தண்டிக்கலாமா என்பது பயன்பாட்டுவாதத்திற்கு எதிராக வழக்கமாக எழுப்பப்படும் கற்பனை வினா. இங்கே நிலை அத்துணை எளிதன்று. பொய்க் காணொளியைப் பரப்பியதாகக் குற்றச்சாட்டு இருந்தது. அதற்குப் பொதுக் குற்றவியல் சட்டத்தில் பிரிவுகளும் இருந்தன. எழும் வினா, அச்சட்டத்தைக் கடந்து விசாரணையின்றி அடைத்துவைக்கும் கூடுதல் பகுதி யாருக்கான செய்தி என்பதே. ஏனையோர் அஞ்ச வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்பட்ட அப்பகுதி, தண்டிக்கப்படுபவரின் செயலளவைச் சாராமல் பார்ப்போரின் எண்ணிக்கையைச் சார்ந்து அமைகிறது. பாட்னாவில் நடித்துப் படமெடுத்தது தவறென்று பீகார்க் காவல்துறையே வெளிப்படுத்திய பின், தொழிலாளரின் அச்சத்தைத் தணிக்க இக்கூடுதல் பகுதி தேவைப்பட்டது எனக் காட்டுவது கடினம். அரசு இதனால் நன்மை பெற்றிருப்பினும், ‘குற்றமற்ற’ என்னும் அடைக்கு அந்நன்மை பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது.

ஒரு சிறு நிகழ்வு

இவ்வளவு பேரறிக்கைகளுக்கும் இடையே, மார்ச்சு மாதத் தொடக்கத்தில் திருப்பூரில் நடந்த ஒரு நிகழ்வு அதிகம் பேசப்படாமல் போயிற்று. பீகாரைச் சேர்ந்த தொழிலாளி ஒருவரின் உடல் இரயில் பாதையில் கிடந்தது. கொலை என்ற ஐயத்தில் அவருடைய உடன்தொழிலாளர்கள் பெருந்திரளாக இரயில்வே காவல் நிலையத்தின்முன் கூடினர். வதந்தி உச்சத்தில் இருந்த நேரம் அது. கூடியோரைக் கலைத்துவிட்டு, ‘திருப்பூரில் அமைதி நிலவுகிறது’ என்று அறிக்கை விடுவது நிருவாகத்திற்கு எளிய வழி. பையர்களை நோக்கிய கணக்கில் அதுவே சரியான வழியாகவும் தோன்றியிருக்கும். ஆனால் காவல்துறை, அவர் பாதையைக் கடக்கையில் இரயிலில் அடிபட்டார் என்பதைக் கண்காணிப்புக் கேமராப் பதிவை ஆதாரமாகக் கொண்டு விளக்கியது.

அங்கே கூடியிருந்தோர் ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் ‘தொழிலாளர் இருப்பு’ எனத் தொகையாக இடம்பெறுவோர். அன்று அவர்கள் சான்று கேட்டனர். வாசலில் நின்றவரின் ஐயத்திற்குச் சான்றைக் கொண்டு விடை சொல்ல வேண்டியிருந்தது.